தெரியுமா? ஐந்து ஸ்டாரிலும் பதர் மிதக்கும்!

விதைநெல்லைச் சோதிக்க நம் காவிரிப் படுகையில் ஒரு கோழிமுட்டையைத் துணைக்குக் கூப்பிடுவார்கள், தெரியுமா? ஆமாம், முட்டையேதான்! வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மெல்ல எழும்பி, பழைய நாலணாக் காசு அகலத்துக்கு முதுகைக் காட்டி மிதக்கும். அதுதான் பதம். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால், அதுவரை ஒரே மாதிரி மினுமினுத்த நெல்லில் பதரும் அரைமணியும் மேலே வந்துவிடும். முற்றிய மணி அடியில் தங்கும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நாற்றங்காலுக்குக் கொண்டுபோவார்கள்.

கைபேசியில் கல்யாண மேக்கப்புக்கு ஆள் தேடுகிறோம், சமையல் கான்ட்ராக்டர் தேடுகிறோம், ஏ.சி. மெக்கானிக், டியூஷன் டீச்சர், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் என்று தேடுகிறோம். திரையில் கொட்டுகிற ரிவ்யூக்கள் எல்லாமே மஞ்சள் நட்சத்திரமாக மினுங்குகின்றன. அதில் எது மணி, எது பதர்? அதற்கும் ஓர் உப்புக்கரைசல் இருக்கிறது! நான் அதைக் கண்டுபிடித்தது ஆறாயிரம் ரூபாயைத் தொலைத்த பிறகு.

பாபநாசத்தில் என் அத்தை கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு ஒரு நர்ஸ் வேண்டும். தேடினேன். ஓர் ஏஜென்சிக்கு 4.9 ஸ்டார், 63 ரிவ்யூ! ஒன்றிரண்டைப் படித்தேன், தேன் மாதிரி இருந்தது. அச்சாரம் அனுப்பினேன். மறுநாள் காலையில் யாரும் வரவில்லை. மத்தியானம் அந்த நம்பர் அணைந்துவிட்டது. "என்ன தம்பி, யாராவது வருவாங்களா?" என்று அத்தை படுத்தபடியே நாலு தரம் கேட்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து அந்த 63 பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். கூகுளில் ரிவ்யூ எழுதியவரின் பெயரைத் தொட்டால் அவர் வேறு எங்கெங்கே எழுதியிருக்கிறார் என்று காட்டும், தெரியுமா? எனக்கு அன்றுவரை தெரியாது. முதல் ஆள் ஒரே வாரத்தில் ஜெய்ப்பூரில் பல் பிடுங்கியிருக்கிறார், சூரத்தில் வீடு மாற்றியிருக்கிறார், கொச்சியில் பச்சை குத்தியிருக்கிறார், பாபநாசத்தில் நர்ஸ் வைத்திருக்கிறார். இரண்டாவது ஆளும் அதே ஜெய்ப்பூர், அதே சூரத், அதே கொச்சி! மூன்றாவதும் அப்படியே! வரிசைகூட மாறவில்லை. 63 பேர் இல்லை, ஒரே கூட்டம் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது என்று புரிந்தபோது எனக்குக் கை நடுங்கியது. சிலர் தங்கள் பக்கத்தை மறைத்து வைத்திருப்பார்கள், அதனாலேயே அவர்களைப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் திறந்து கிடக்கும் பக்கங்களில் நாலைந்தைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்தை நான் செலவழித்திருந்தால் அத்தை நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பதர் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கூகுள் மேப்பில் விதிகளை மீறியதாக 2023ல் தடுக்கப்பட்ட, நீக்கப்பட்ட ரிவ்யூக்கள் 17 கோடிக்கு மேல். 2024ல் தடுத்தவையும் நீக்கியவையுமாக 24 கோடிக்கு மேல்! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7.2 கோடிதான். கைக்குழந்தை முதல் கிழவர் வரை நாம் எல்லோரும் ஆளுக்கு மூன்று எழுதினால்கூட அந்த எண்ணிக்கை வராது. கடையே இல்லாத கடைகள் வேறு தனி: அதே 2024ல் ஒழிக்கப்பட்ட போலி வணிகப் பக்கங்கள் 1.2 கோடி. பிடிபட்டவை மட்டும்தான் இவ்வளவு!

"நான் படித்தாலே கண்டுபிடித்துவிடுவேன்" என்று சொல்லும் எல்லோருக்கும் ஓர் அதிர்ச்சி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைல் ஓட் (Myle Ott) என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011ல் ஒரு சோதனை வைத்தார்கள். சிகாகோவின் 20 ஹோட்டல்களைப் பற்றி 400 பொய் ரிவ்யூக்களை, ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்து எழுதி வாங்கினார்கள். உண்மையாகத் தங்கியவர்களின் 400 ரிவ்யூக்களோடு அவற்றைக் கலந்தார்கள். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து மூன்று மாணவர்களைப் பிரிக்கச் சொன்னார்கள். மூவரில் மிக நன்றாகச் செய்தவரே நூற்றுக்கு 62ஐத் தொட்டார், அவ்வளவுதான்! மற்ற இருவரும் காசு சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான் வாங்கியிருப்பார்கள். கணினி நிரலோ 100ல் 90ஐ நெருங்கியது. அது எதைப் பார்த்தது தெரியுமா? இங்கேதான் எனக்கு மெய்சிலிர்த்தது. உண்மையாகத் தங்கியவர் இடத்தைப் பேசுகிறார்: குளியலறை, சின்னது, மாடி. பொய் எழுதுபவர் கதையைப் பேசுகிறார்: நான், என் கணவர், விடுமுறை, அனுபவம். அதோடு ஊர் பெயரையும் அடிக்கடி சொல்கிறார். சிகாகோவில் தங்கியவருக்கு "சிகாகோ" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லையே!

இதைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து பாருங்கள், அப்படியே பொருந்துகிறது! "தஞ்சாவூரில் சிறந்த மணமகள் அலங்காரக் கலைஞர், தஞ்சாவூரில் மேக்கப் தேவைப்படும் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்." இப்படி எந்தத் தஞ்சாவூர்க்காரராவது பேசுவாரா? கரந்தைக்காரர் கரந்தை என்பார். "கீழவாசல்லேர்ந்து வர்றப்ப", "மெடிக்கல் காலேஜ் ரோடு மூணாவது கேட் தாண்டி", "பூக்காரத் தெரு முனையில வண்டி நிறுத்த எடமில்ல" என்றுதான் வாயில் வரும். ஊர் பெயரையும் தொழில் பெயரையும் ஒரே வாக்கியத்தில் இரண்டு தரம் போடுவது தேடுபொறியின் கண்ணில் படுவதற்காக. மனிதக் கண்ணுக்காக எழுதுகிறவர் பார்க்கிங்கைப் பற்றி எழுதுவார், மேக்கப்காரம்மா காலை நாலு மணிக்கு வருகிறேன் என்று நாலே முக்காலுக்கு வந்ததை எழுதுவார், மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்ததை எழுதுவார். பாயசம் தீர்ந்த ரிவ்யூவைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அந்தப் பந்தியில் ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு அதுதானே சாட்சி. இப்போது செயற்கை நுண்ணறிவே பாயசத்தைக் கற்பனை செய்துவிடும் என்பதும் உண்மை. ஆகவே இந்த ஒரு சோதனையோடு நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்த சோதனை உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இருக்க முடியாது. அது நம் வீட்டுச் சுவரில், தினசரி காலண்டரில் தொங்குகிறது! ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்து இந்துக் குடும்பங்களில் கல்யாணம் வைப்பதில்லை. அப்படியானால் கல்யாண மேக்கப், கல்யாண போட்டோ, பந்தல், சமையல், நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் வரும் ரிவ்யூக்கள் முகூர்த்த நாட்களை ஒட்டித்தானே வரவேண்டும்? வைகாசி முகூர்த்தம் முடிந்து ஒரு வாரத்தில் இரண்டு, ஆவணியில் மூன்று, தை பிறந்ததும் கொஞ்சம் கூடுதல் என்று தூறல் மாதிரி விழுந்தால் அது இயல்பு. ஜூலைக் கடைசியில், நட்ட நடு ஆடியில், நாலே நாளில் 22 மணப்பெண்கள் "என் கல்யாண நாளை மறக்கமுடியாததாக்கினார்கள்" என்று எழுதியிருந்தால்? கூகுள் தேதியை நேராகச் சொல்லாது, "5 மாதங்களுக்கு முன்பு" என்றுதான் காட்டும். விரல் விட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். எண்ணிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்! ஓரிரு ரிவ்யூ ஆடியில் இருப்பதில் தப்பே இல்லை. ஆல்பம் கைக்கு வந்த பிறகு நிதானமாக எழுதுபவர்கள் உண்டு. அதிராம்பட்டினத்திலும் கூத்தாநல்லூரிலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் ஆடிக்காக நிற்பதில்லை. நான் சொல்வது கும்பலாக வருவதைப் பற்றி. வருஷம் முழுக்க வாய் திறக்காத பக்கத்தில் திடீரென்று ஒரு வாரம் மட்டும் அடைமழை பெய்தால், மேகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஆனால் இதே சோதனையைத் திருக்கடையூரில் வைத்தால் தோற்றுப்போகும், ஏன் தெரியுமா? அங்கே நடப்பது அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்! அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் நாள் குறிக்கும். ஆடியில் பிறந்தவருக்கு ஆடியில்தான் சஷ்டியப்தபூர்த்தி. ஆகவே பன்னிரண்டு மாதமும் ஹோமம், சமையல், தங்கும் அறை, போட்டோ, வீடியோ, மேளம் என்று மொத்தமாகப் பேசிவிடும் தொழில் நடக்கிறது. ரிவ்யூவும் பன்னிரண்டு மாதமும் வரும். அங்கே நான் வேறொன்றைப் பார்ப்பேன். அந்த வயதுத் தம்பதியர் தாமே எழுதுவது குறைவு, பிள்ளைகள்தான் எழுதுவார்கள். பெற்ற பிள்ளை எழுதினால் அம்மாவின் முழங்கால் வராமல் இருக்காது. லிப்ட் இருந்ததா, ஓமப் புகையில் அப்பாவுக்கு இருமல் வந்ததா, கலசத் தண்ணீர் ஊற்றும்போது குளிரெடுத்ததா, ஈரத்துணி மாற்ற இடம் இருந்ததா என்பதெல்லாம் அதில் தானாக வந்து விழும். "பேக்கேஜ் சூப்பர்" என்று மட்டும் எழுதி முடித்த மகனை எனக்கு நம்ப மனம் வருவதில்லை.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் வைத்தீஸ்வரன்கோயில். நாடி ஜோதிடத்தின் தலைநகரம்! ஆணுக்கு வலது கட்டைவிரல் ரேகை, பெண்ணுக்கு இடது. ரேகைக்கேற்ற ஏட்டுக்கட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஏடாக வாசித்து, ஆம், இல்லை என்று நாம் சொல்லச் சொல்ல நம் ஏட்டை நெருங்குவார்கள். பிறகு கல்யாணத்துக்கு ஒரு காண்டம், தொழிலுக்கு ஒரு காண்டம், பரிகாரத்துக்கு ஒரு காண்டம் என்று விரியும். நம்பிப் போகிறவர்களின் மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமே இல்லை. ரிவ்யூவைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கிறேன். 32 வயதில் கல்யாணம், 41ல் சொந்தவீடு என்று பலன் வாசித்த அன்று சாயங்காலமே "நூறு சதவீதம் பலித்தது" என்று ஐந்து ஸ்டார் எப்படி விழும்? பலிக்க வேண்டிய காலம் இன்னும் வரவே இல்லையே! அன்றைக்கே சொல்லக்கூடியது, நடந்து முடிந்ததைச் சரியாகச் சொன்னார்களா, மரியாதையாக நடத்தினார்களா, சொன்ன தொகைக்கு மேல் கேட்டார்களா என்பது மட்டும்தான். வருங்காலத்தைப் பற்றிய உண்மையான ரிவ்யூ பத்து வருஷம் கழித்துத்தான் எழுதப்படும். 

இதைக் கவனித்த பிறகு எனக்கு எல்லாத் தொழிலிலும் ஒரு கடிகாரம் தெரிய ஆரம்பித்துவிட்டது! குறுவை என்றால் ஏறத்தாழ 110, 120 நாளில் கண்டுமுதல் தெரிந்துவிடும். சம்பாவுக்கு மேலும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். அதேபோல ஒவ்வொரு சேவைக்கும் விளைச்சல் காலம் என்று ஒன்று இருக்கிறது. சமையல்காரரைச் சாப்பிட்டு எழுந்ததுமே எடை போட்டுவிடலாம். போட்டோகிராபரை ஆல்பம் வந்த பிறகுதான் சொல்ல முடியும். டியூஷன் வாத்தியாரை மே மாத ரிசல்ட் சொல்லும். ஃபிரிட்ஜ் ரிப்பேரை அடுத்த கோடை சொல்லும். முடி நடும் சிகிச்சைக்கு மாதக்கணக்கு ஆகும். கல்யாணத் தரகரை வருஷங்கள்தான் சொல்லும். நாற்றுவிட்ட மறுநாளே மகசூல் அமோகம் என்று எழுதியிருக்கும் ரிவ்யூவை நம் ஊர் விவசாயி ஒரு நொடியில் தள்ளிவிடுவார். நாம் மட்டும் ஏன் நம்பவேண்டும்?

சேவை செய்பவர்களைப் பெயரும் விலாசமுமாக எழுதிவைக்கும் வழக்கம் எத்தனை பழையது என்று நினைக்கிறீர்கள்? தஞ்சைப் பெரியகோயிலுக்குப் போங்கள்! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜ சோழன் வெட்டச் சொன்ன கல்வெட்டில் கோயிலில் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனாவது வீடு என்பதுவரை இருக்கிறது. தெற்குத் தெரு, தென்சிறகு, முதல் வீடு, இரண்டாம் வீடு என்று கல்லில்! அவர்களோடு நட்டுவர், இசைக்காரர், கணக்கர், நாவிதர், வண்ணார், தையற்காரர், தச்சர் எல்லோருக்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அந்த நெல்லையும் கண்ட மரக்காலில் அளக்க முடியாது. ராஜகேசரி அளவுக்கு ஒத்த "ஆடவல்லான்" என்னும் மரக்காலில்தான் அளக்கவேண்டும். ஒருவர் இறந்தாலோ வேறு தேசம் போனாலோ உறவினர் அந்த வேலைக்கு வரலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியானவரைத் தேடி அமர்த்த வேண்டும். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் கைபேசியில் ஸ்டாருக்கு அப்படி ஒரு மரக்கால் கிடையாது. என் நாலு ஸ்டார் உங்கள் ஐந்து ஸ்டாராக இருக்கலாம். எழுதியவருக்கோ தெருவும் இல்லை, சிறகும் இல்லை, வீடும் இல்லை!

மரக்கால் செய்யும் முயற்சி ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000:2022 என்ற தரத்தை வெளியிட்டது. இணைய ரிவ்யூவை எப்படித் திரட்டுவது, எழுதியவர் நிஜ ஆள்தானா என்று எப்படி உறுதிசெய்வது, எப்படி வெளியிடுவது என்று விதிகள்! காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூவுக்கு அதில் இடமில்லை. ஆனால் அது விரும்பியவர் ஏற்றுக்கொள்ளும் தரமாகத்தான் வந்தது. கட்டாயமாக்குவது பற்றி 2024 மே மாதம் மத்திய அரசு மின்வணிக நிறுவனங்களோடு பேசியது. அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் போலி ரிவ்யூவை விற்பதும் வாங்குவதும் விதிமீறல், ஒவ்வொன்றுக்கும் 51,744 டாலர்வரை அபராதம் என்றார்கள். பிரிட்டன் 2025 ஏப்ரல் 6 முதல் தடைசெய்தது. இத்தாலியில் இன்னும் ஒருபடி மேலே: லெச்சே நகர நீதிமன்றம், ஹோட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் போலி ரிவ்யூ எழுதி விற்றவருக்கு 9 மாதச் சிறை விதித்த செய்தி 2018ல் வந்தது. நம் ஊரில் சேவையில் ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதைக் கைபேசியில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

மரக்கால் இல்லாத ஸ்டாரை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்? லண்டனில் 2017ல் ஒருவர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களை ரிவ்யூ எழுதவைத்து, டிரிப்அட்வைசர் தளத்தில் நகரத்தின் முதலிடத்துக்கே கொண்டுவந்துவிட்டார் தெரியுமா? ஊபா பட்லர் என்ற எழுத்தாளர். ஒரு பருக்கைகூட யாரும் சாப்பிடாமலே முதலிடம்!

போலி ரிவ்யூவுக்காக இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று தோன்றும். ஹார்வர்டில் இருந்தபோது மைக்கேல் லூகா என்ற ஆய்வாளர் சியாட்டில் நகர உணவகங்களை வைத்துக் கணக்குப் போட்டார்: யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம்வரை கூடுகிறது. அந்தக் காசுக்காகத்தான் அத்தனையும். இன்னொரு விந்தை: நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் பார்த்ததில், ஒரு பொருளை வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் 4.0க்கும் 4.7க்கும் நடுவில்தான். முழு ஐந்தை நெருங்க நெருங்க அது குறைகிறது! எல்லாவற்றுக்கும் தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மையைக் கொலுவில் வைக்கலாம், சாட்சிக்கு அழைக்க முடியாதே.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. அந்தப் போலி ரிவ்யூக்களை யார் எழுதுகிறார்கள் தெரியுமா? கணிசமானவை நம்மைப் போன்ற, நம் வீட்டுப் பெண்களைப் போன்ற மனிதர்கள் எழுதியவை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, கூகுள் மேப்பில் சொல்லும் இடங்களுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் போதும், ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய். முதல் நாள் நூறோ இருநூறோ உண்மையாகவே கணக்கில் வந்து விழும்! டிகிரி முடித்து வேலை தேடும் பெண்ணுக்கு, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய்க்கு, அந்த நூறு ரூபாய் எவ்வளவு பெரிய நம்பிக்கை. அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். "பெரிய டாஸ்க்" வரும். அதற்கு முன்பணம் ஆயிரம் கட்டு, திரும்பி 1,400 வரும் என்பார்கள். வரும். பிறகு பத்தாயிரம். பிறகு லட்சம். கடைசியில் திரையில் லாபம் தெரியும், கைக்கு வராது. எடுக்க வேண்டுமென்றால் இன்னும் கட்டு என்பார்கள். இப்படிப்பட்ட டாஸ்க் மோசடிகளை நடத்திய 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. ஆக, என் அத்தைக்கு வராத நர்ஸைப் புகழ்ந்து எழுதிய விரல்களில் சில, தாலிச்சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த விரல்களாகவும் இருந்திருக்கக்கூடும். இதை நினைத்த பிறகு அந்த 63 பெயர்கள்மேல் இருந்த என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. பணம் போனால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஒரு ஸ்டாரிலும் பதர் உண்டு, அதை மறக்கக்கூடாது! லூகாவும் ஜார்ஜியோஸ் செர்வாஸ் என்ற ஆய்வாளரும் பாஸ்டன் உணவகங்களின் யெல்ப் ரிவ்யூக்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 16 சதவீதம் சந்தேகத்துக்குரியவையாகத் தளமே ஒதுக்கி வைத்திருந்தது. பக்கத்திலேயே போட்டிக்கடை இருந்தால் திட்டி எழுதும் போலிகள் கூடுகின்றன என்றும் கண்டார்கள். ஒரே தெருவில் நாலு பியூட்டி பார்லர் வரிசையாக இருக்கும் நம் ஊர்களை நினைத்துப் பாருங்கள். என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது என்று ஒன்றுமே சொல்லாமல் "மோசம், போகாதீர்கள்" என்று மட்டும் எழுதிவிட்டு, அதே கையோடு எதிர்க்கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டிருந்தால், உழைக்கும் ஒரு பெண்ணின் வயிற்றில் யாரோ அடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்படியென்றால் எத்தனை படிக்கவேண்டும்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஏன் பலிக்கிறது? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ! ரிவ்யூவில் ஒவ்வொரு பருக்கையும் ஒவ்வொரு பானையிலிருந்து வந்து விழுகிறது. ஆகவே நான் மேலே தெரிவதைப் படிப்பதே இல்லை. முதலில் "புதியவை" என்று வரிசை மாற்றிப் பத்து. பிறகு "குறைந்த மதிப்பீடு" என்று மாற்றிப் பத்து. பிறகு மூன்று ஸ்டார்கள் எத்தனை இருந்தாலும் அத்தனையும். மூன்று ஸ்டார் போடுகிறவர்தான் என் கண்ணுக்குத் தங்கம். பகையும் இல்லை, கூலியும் இல்லை. நல்லதையும் கெட்டதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பேசுவார். குறை சொன்னவருக்குக் கடைக்காரர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்றும் பார்ப்பேன். "அன்றைக்கு டெம்போ பஞ்சராகிவிட்டதம்மா, தப்புதான்" என்ற பதில் பத்துப் பாராட்டுக்குச் சமம். பிறகு மணப்பெண் போட்டோக்களைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுவேன். தஞ்சாவூர் மணப்பெண் என்று போட்டிருக்கும் படம் எங்கோ வடநாட்டு விளம்பரத்தில் இருந்தால் அங்கேயே கதை முடிந்தது.

கடைசிச் சோதனைக்குக் கைபேசியே வேண்டாம்! என் தாத்தா காலத்தில் சமையல்காரரை எப்படிப் பிடிப்பார்கள் தெரியுமா? அவர் சமைக்கும் வேறொரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, சாம்பாரையும் ரசத்தையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, நேரே கோட்டையடுப்புப் பக்கம் போய் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். நாதஸ்வரம் என்றால் ஏதாவது ஒரு கோயில் உற்சவத்தில் விடியவிடியக் கேட்டுவிட்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு யார் ஸ்டார் போட்டார்கள்? கேட்ட காதுகள்தான் ஊர் ஊராகக் கொண்டுபோயின. நாம் இன்று செய்யக்கூடியது இதுதான்: "நீங்க கடைசியா வேலை செஞ்ச ரெண்டு வீட்டுல கேட்டு, அவங்க சம்மதிச்சா பேசச் சொல்லுங்க" என்று போனில் கேட்பது. நிஜமாக வேலை செய்பவர் இதற்குச் சந்தோஷப்படுவார்!

அத்தைக்கு நர்ஸ் கடைசியில் எப்படிக் கிடைத்தார் தெரியுமா? ஏஜென்சிப் பக்கத்தில் ஒன்பதே ரிவ்யூ, 4.2 ஸ்டார். அதில் ஒருவர் "நல்ல மாதிரி, ஆனால் பேச்சு ஜாஸ்தி" என்று எழுதியிருந்தார். உடனே அழைத்தேன். மூன்று மாதம் இருந்து அத்தையை நடக்கவைத்துவிட்டுத்தான் அந்த அம்மா போனார். அன்று சாயங்காலம் அத்தை திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த ரிவ்யூவோ என்னமோ சொல்வியே தம்பி, நானும் ஒண்ணு போடணும், நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தட்டினேன்:

"பங்குனி பதினஞ்சாம் தேதிலேர்ந்து ஆனி வரைக்கும் இருந்துச்சு. கொல்லைப்பக்கம் மூணு படி, அதுல கையைப் புடிச்சுக்கிட்டே எறக்கும், ஒரு நாளும் விட்டதில்ல. கஞ்சியில உப்பு கம்மியாத்தான் போடும், டாக்டர் சொன்னாருன்னு. ரெண்டு ஞாயித்துக்கிழமை சொல்லாம வரல, அதுக்கு ஒரு ஸ்டார் கொறைச்சிருக்கேன். பேச்சு ஜாஸ்திதான். எனக்கு அது வேண்டியிருந்துச்சு."